மைதானத்தில் கேட்கவே கேட்காத கிளாரினெட்டுக்கு இவ்வளவு பாடா?

வடக்கு_டல்லாஸ்_அப்பா:

மகள் இந்த வருடம் 9ஆம் வகுப்பு. 6ஆம் வகுப்பிலிருந்து கிளாரினெட். நன்றாகவே வாசிப்பாள் (பெற்றவன் சொல்கிறேன், பாதி கழித்துக்கொள்ளுங்கள்). பள்ளி திறக்கவே இல்லை, அதற்குள் மார்ச்சிங் பேண்ட் (மைதானத்தில் நடந்துகொண்டே வாசிக்கும் இசைக்குழு) கேம்ப் ஆரம்பித்துவிட்டார்கள். காலை 7 மணிக்குக் கொண்டுபோய் விடுகிறேன், சாயங்காலம் சுட்ட கத்தரிக்காய் மாதிரி வருகிறாள். முதல் மூன்று நாள் வாத்தியத்தைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லையாம், நடக்கச் சொல்லிக்கொடுத்தார்களாம். 14 வயதுப் பிள்ளைக்கு நடை பழக்கவா இவ்வளவு பணம் கட்டினோம் என்று வீட்டில் கேட்டேன். அன்றைக்கு இரவு எனக்கு மோர்சாதம்தான்.

விஷயம் இதுதான். போன வருடம் இதே பள்ளியின் ஃபுட்பால் ஆட்டத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை போயிருந்தோம். ஹாஃப்டைமில் பேண்ட் வந்தது. ட்ரம்பெட் கேட்டது, டியூபா கேட்டது, ட்ரம் சத்தம் வயிற்றுக்குள் போய் இடித்தது. கிளாரினெட் மட்டும் இருபது இருபத்தைந்து பேர் இருந்திருப்பார்கள், கன்னம் உப்ப ஊதினார்கள், என் காதுக்கு ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை. மனைவிக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரத் தாத்தாவிடம் கேட்டேன், அவர் பேரன் கிளாரினெட்டாம், சிரித்துவிட்டுத் தோளைக் குலுக்கினார்.

அப்படியிருக்க எதற்கு இந்தப் பாடு? கச்சேரி பேண்டில் மட்டும் இருந்தால் போதாதா? எங்கள் பள்ளியில் அதில் இருக்க வேண்டும் என்றால் இதிலும் இருந்தாக வேண்டும் என்கிறார்கள். இன்னொன்று, போன கிறிஸ்துமஸுக்கு மரத்தில் செய்த நல்ல கிளாரினெட் ஒன்று வாங்கிக்கொடுத்தோம், விலையைச் சொன்னால் அடிக்க வருவீர்கள். அதை இந்த வெயிலில் கொண்டுபோகலாமா?


ரீடு_கடித்தவன்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில், ஏனென்றால் அதுதான் அவசரம். கூடாது. கூடவே கூடாது. மரக் கிளாரினெட்டைப் புல்தரைக்குக் கொண்டுபோகாதீர்கள். நல்ல கிளாரினெட்டுகள் ஆப்பிரிக்கக் கருமரத்தில் கடைவது, இரும்பு மாதிரி கனமான மரம், ஆனாலும் மரம் மரம்தான். ஆகஸ்டில் வெயில் ஒரு பக்கம் காய்ச்சும். நவம்பர் காலையில் வெளியே குளிர், உள்ளே உங்கள் பெண்ணின் சூடான ஈர மூச்சு, உட்பக்கம் விரியும், வெளிப்பக்கம் விரியாது, மேல் துண்டில் ஒரு கோடு விழும். என் நண்பனுடையது அப்படித்தான் விரிந்தது, மேலே இருக்கிற ட்ரில் சாவியின் துளையிலிருந்து கீழே ஒரு மயிரிழை. சரிபண்ணலாம், ஆனால் அழுகையைச் சரிபண்ண முடியாது.

மைதானத்துக்கு பிளாஸ்டிக். யமஹாவின் மாணவர் மாடல் 255 மாதிரி ஏதாவது ஒன்று, பழையதாகவே வாங்குங்கள், மழையில் நனைந்தாலும் துடைத்துவிட்டுப் போகலாம். (பேட், அதாவது துளையை மூடும் குட்டி மெத்தை, நனைந்தால் ஊறி ஒட்டும், சிகரெட் பேப்பர் வைத்து ஒற்றி எடுக்க வேண்டும். உங்கள் மகள் பையில் சிகரெட் பேப்பர் இருந்தால் பதறாதீர்கள், கிளாரினெட்காரர்கள் எல்லோரும் வைத்திருப்போம். என் அம்மா ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.) அந்த பிளாஸ்டிக்கையும் காரில் விட்டுவிட்டு வராதீர்கள். டெக்சாஸ் ஆகஸ்டில் பூட்டிய காருக்குள் பேட் ஒட்டிய பசை இளகிவிடும்.

அடுத்தது நடை. சிரிக்காமல் கேளுங்கள். கிளாரினெட்டின் மௌத்பீஸ் மேல் பல்லில் நேராக உட்காருகிறது. நீங்கள் நடக்கிற மாதிரி தொம் தொம்மென்று நடந்தால் ஒவ்வொரு அடியும் பல்லில் போய் இடிக்கும், சத்தமும் அந்தந்த இடத்தில் விக்கும். அதனால் குதிகால் முதலில், விரல்கள் வானத்தைப் பார்க்க, பாதம் மெதுவாக உருண்டு இறங்க வேண்டும். குடத்தை இடுப்பில் வைத்துத் தளும்பாமல் வரப்பில் வருகிற பாட்டிமார்கள் நடை இருக்கிறதே, அதுதான். பின்னால் போகும்போது நுனிக்காலில். பக்கவாட்டில் போகும்போது கால் ஒரு திசை, இடுப்புக்கு மேல் பார்வையாளர் திசை. காலடி அளவும் உண்டு, 5 யார்டுக்கு 8 காலடி, அதாவது ஒரு காலடி 22.5 அங்குலம். குட்டையோ நெட்டையோ எல்லோருக்கும் அதே 22.5. மூன்று நாளில் இது வந்திருந்தால் உங்கள் பெண் கெட்டிக்காரி.


பித்தளைக்_கட்சி:

கிளாரினெட் கேட்குமா என்ற கேள்விக்கு அண்ணன் மூன்று பத்தி எழுதியும் பதில் சொல்லவில்லை என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன் 😄

நான் ட்ரம்பெட். கேட்காது சார். காரணம் ஊதுகிறவர் இல்லை, வாத்தியம். எங்கள் பித்தளைக் குழாய்க்கு ஒரே ஒரு வாசல், அதன் வாயை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம் டார்ச் லைட் அடித்த மாதிரி சத்தம் போகும். கிளாரினெட்டில் பாதிச் சத்தம் விரல் துளைகளின் வழியே வெளியே வந்துவிடுகிறது, எட்டுத் திக்கும் போகும். கூரை போட்ட அரங்கில் சுவரில் பட்டுத் திரும்பி வரும், நல்ல வளமாகக் கேட்கும். திறந்த மைதானத்தில் போனது போனதுதான். அதனால்தான் ட்ரம் கோர் (பள்ளிக்கு வெளியே இயங்கும் மார்ச்சிங் குழுக்கள்) ஆட்கள் மரவாத்தியத்தை உள்ளேயே விடுவதில்லை. 1972இல் ஆரம்பித்த அவர்களுடைய டிசிஐ (ட்ரம் கோர் இன்டர்நேஷனல்) போட்டிகளில் பித்தளையும் தாளமும் கொடியும்தான். கிளாரினெட் பிள்ளைகள் அதில் சேர ஆசைப்பட்டால் வேறு வாத்தியம் கற்றுக்கொண்டு வருவார்கள், இல்லை கலர் கார்டுக்கு, அதாவது கொடி வீசும் குழுவுக்குப் போவார்கள்.


ரீடு_கடித்தவன்:

வந்துவிட்டார்கள். பித்தளைக்கு வாய் பெரிது.

நீங்கள் சொன்னது சரி, ஆனால் பாதி. கேட்காது என்பது "தனித்துக் கேட்காது". 25 கிளாரினெட், 20 ஃப்ளூட், பத்துப் பதினைந்து சாக்ஸ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அதே பாட்டை வாசித்துப் பாருங்கள், தாளிக்காத சாம்பார் மாதிரி இருக்கும். என்ன குறைகிறது என்று யாருக்கும் சொல்லத் தெரியாது, வாய்க்கு மட்டும் தெரியும்.


மன்னார்குடிப்_பேண்டு:

இந்தத் தலைப்பைப் பார்த்ததும் பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை. எனக்கு அமெரிக்கப் பள்ளி பேண்ட் தெரியாது, பேரன் அங்கே படிக்கிறான், வீடியோ அனுப்புவான், அவ்வளவுதான். ஆனால் நடந்துகொண்டே கிளாரினெட் ஊதுவது தெரியும். என் அப்பா கல்யாண பேண்டு செட்டில் 30 வருடம் கிளாரினெட். மாப்பிள்ளை அழைப்பு, சாமி ஊர்வலம், சில சமயம் இறுதி ஊர்வலம். நம் பேண்டு செட்டில் கிளாரினெட்டைக் கேட்காமல் யாரும் இருக்க முடியாது, பாட்டைத் தூக்கிக்கொண்டு போவதே அதுதான், ட்ரம்பெட் நடுநடுவே வந்து பதில் சொல்லும். வித்தியாசம் என்னவென்றால் தெரு. இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர், கேட்கிறவன் பத்தடி தூரத்தில் நிற்கிறான். உங்கள் ஊரில் கேட்கிறவன் நூறு அடிக்கு அப்பால், அதுவும் மேலே படிக்கட்டில்.

நடை விஷயத்தில் அப்பா சொன்னது நினைவுக்கு வருகிறது. கோயில் தெருவில் கருங்கல் பாவியிருக்கும், இரவில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கல் தெரியாது, தடுக்கினால் பல்லில் இடிக்கும். அப்பாவுக்கு மேல் முன்பல் ஒன்று அப்படித்தான் உடைந்தது. "கால் கண்ணாக இருக்கணும்டா" என்பார். ரீடுக்கும் (மௌத்பீஸில் கட்டி ஊதும் மெல்லிய நாணல் பட்டை) அப்போது காசு கிடையாது, ஒரே ரீடைப் பழைய பிளேடால் சீவிச் சீவி மாதக்கணக்கில் ஓட்டுவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது நமக்கு அந்நிய வாத்தியம் என்று நினைக்க வேண்டாம். தஞ்சாவூர்ப் பக்கம் சதிர்க் கச்சேரிகளில் (பரதநாட்டியத்தின் பழைய வடிவம்) முகவீணை என்ற சின்னக் குழல் இருந்த இடத்தில் கிளாரினெட் வந்து உட்கார்ந்து நூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது. ஏ.கே.சி. நடராஜன் ஐயாவை "கிளாரினெட் எவரெஸ்ட்" என்பார்கள், திருச்சிக்காரர், கர்நாடக இசையைக் கிளாரினெட்டில் முழுக் கச்சேரியாக வாசித்தவர், 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு நாள் உங்கள் பெண்ணுக்குப் போட்டுக் காட்டுங்கள், தன் கையில் இருக்கும் குழலில் கமகம் வருமா என்று தேட ஆரம்பித்துவிடுவாள்.


வடக்கு_டல்லாஸ்_அப்பா:

ஐயா, நேற்று இரவே போட்டுக் காட்டினேன். பத்து நிமிடம் அசையாமல் பார்த்தாள், பிறகு "விரலைத் துளையிலிருந்து முழுசா எடுக்கவே மாட்டேங்கிறார்" என்றாள். இன்றைக்குக் காலையிலிருந்து வீட்டில் ஒரே வழுக்கல் சத்தம்.

பிளாஸ்டிக் கிளாரினெட் தேடிக்கொண்டிருக்கிறேன். பித்தளைக்கட்சி சொன்னதைப் பார்த்தால் என் சந்தேகம் உறுதியாகிறது, சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா தெரியவில்லை.


கணக்கு_டீச்சர்:

நான் டெக்சாஸில் உயர்நிலைப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். பேண்ட் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் யாராவது இந்தப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நேரம். யூஐஎல் (டெக்சாஸில் பள்ளிப் போட்டிகளை நடத்தும் அமைப்பு) விதிப்படி பள்ளி தொடங்கிய பிறகு பள்ளி நேரத்துக்கு வெளியே வாரத்துக்கு 8 மணி நேரம்தான் பயிற்சி வைக்கலாம். எட்டுதானே என்று நினைக்காதீர்கள், வெள்ளிக்கிழமை ஆட்டம் இந்த எட்டில் சேராது, சனிக்கிழமைப் போட்டியும் சேராது. வெள்ளி இரவு 11 மணிக்கு வீடு, சனி விடியற்காலை மறுபடி பஸ். திங்கட்கிழமை முதல் பீரியடில் என் முன்னால் உட்கார்ந்து கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறார்கள்.

1984இல் இங்கே ஒரு சட்டம் வந்தது, தேறாவிட்டால் ஆடக் கூடாது என்று. ஏதாவது ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனால் ஃபுட்பால்காரனோ பேண்ட்காரியோ போட்டிக்குப் போக முடியாது. அக்டோபரில் என்னிடம் 68 வாங்கிய பிள்ளையின் பெற்றோர் அனுப்பும் மெயில்களைப் பார்த்தால் உங்களுக்குப் புரியும். ஒரு நல்லது, மார்ச்சிங் பேண்டை உடற்பயிற்சிப் பாடத்துக்கு ஈடாக வைத்துக்கொள்ள டெக்சாஸில் இடமுண்டு, அட்டவணையில் ஓர் இடம் மிச்சம்.

எனக்குப் பிடிக்காதது ஒன்று. ஒரு பிள்ளை காய்ச்சல் என்று வராவிட்டால் ஏதோ கொலைக்குற்றம் மாதிரி நடத்துகிறார்கள். இருபத்தைந்து கிளாரினெட்டில் ஒன்று இல்லாவிட்டால் குடி முழுகிப்போகுமா? நீங்களே சொல்கிறீர்கள் கேட்காது என்று.


ரீடு_கடித்தவன்:

டீச்சர், நேரம் பற்றிச் சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். நான் 11ஆம் வகுப்பில் வேதியியலில் அனுபவித்தது.

கடைசி வரியை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஃபுட்பாலில் பெஞ்சில் மாற்று ஆள் உட்கார்ந்திருப்பான். பேண்டில் பெரும்பாலும் கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு செட்டுக்கும் (மைதானத்தில் போடும் ஒவ்வொரு உருவத்துக்கும்) தனி இடம் உண்டு, அதை டாட் என்போம். "இடது பக்கம், 35 யார்டுக் கோட்டிலிருந்து 4 காலடி வெளியே, முன் ஹாஷுக்கு (மைதானத்தின் நீளவாக்கில் போட்ட குறிகளின் வரிசை) 8 காலடி பின்னால்" என்று சின்ன நோட்டில் எழுதி, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்போம். ஒரு ஷோவுக்கு அறுபது எழுபது இடம் கூட இருக்கும். அந்த இடத்துக்கு நான் மட்டும்தான். நான் வராவிட்டால் அந்த இடம் காலி.

அப்புறம், கேட்பது பற்றி எங்கள் ஆசிரியர் சொல்லிக்கொடுத்த ஒரு கணக்கு, உங்களுக்குப் பிடிக்கும். மைதானத்தின் அகலம் 53 யார்டு சொச்சம், கிட்டத்தட்ட 49 மீட்டர். சத்தம் அதைக் கடக்க 0.14 வினாடி ஆகும். நிமிடத்துக்கு 180 தாளத்தில் வாசித்தால் ஒரு தாளத்துக்கு 0.33 வினாடிதான். அதாவது பின்கோட்டில் ட்ரம்காரன் அடித்தது முன்கோட்டில் இருக்கிறவன் காதுக்கு வரும்போது தாளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. 150 பிள்ளைகளும் காதில் விழுவதை வைத்து வாசித்தால் அது பாட்டு இல்லை, சந்தைக்கடை. அதனால் பின்னால் இருக்கிறவர்கள் ட்ரம் மேஜர் (முன்னால் நின்று கையசைத்துத் தாளம் காட்டுகிறவர்) கையைப் பார்த்து வாசிப்பார்கள், முன்னால் இருக்கிறவர்கள் பின்னாலிருந்து வருவதைக் கேட்டு அதன் மேல் வாசிப்பார்கள், முன்னாலிருந்து வருவதை யாரும் நம்பக் கூடாது. பக்கத்தில் இருக்கிற ட்ரம்பெட் காதைக் கிழிக்கும்போது இதைச் செய்ய வேண்டும். 15 வயதில் இதைப் பழகியவன் எந்த இசைக்குழுவில் போய் உட்கார்ந்தாலும் தாளம் தவற மாட்டான்.


பித்தளைக்_கட்சி:

பக்கத்தில் இருக்கிற ட்ரம்பெட்டுக்கும் உங்கள் கீச்சு காதைக் கிழிக்கும் என்பதைச் சேர்த்துக்கொள்ளவும்.


நியூஜெர்சி_மாமி:

இரண்டு பிள்ளைகளை இதில் போட்டு எடுத்தவள், செலவுக் கணக்கு என்னிடம் கேளுங்கள். பள்ளிக்குக் கட்டும் பேண்ட் கட்டணம் ஒன்று, அது ஊருக்கு ஊர் வேறுபடும், எங்களுக்கு வருடம் நானூறு டாலர். அதற்கு மேல் மார்ச்சிங் ஷூ, அதை வருடா வருடம் வாங்க வேண்டும், இந்த வயதில் கால் நிற்காமல் வளரும். கையுறை அரை டஜன் ஜோடி வாங்கி வையுங்கள், கிளாரினெட்டுக்கு விரல்நுனி துளையை மூட வேண்டும், அதனால் நுனியைக் கத்தரிப்பார்கள், கத்தரித்த இடம் பிரியும், ஓரத்தை ஒரு தையல் போட்டால் ஒரு சீசன் தாங்கும். ரீடு பெட்டி பெட்டியாகத் தீரும். வெயிலில் நாணல் ரீடு வளைந்து அலை அலையாகிவிடுகிறது என்று என் பெண்ணுக்கு மைதானத்துக்கு மட்டும் லெஷேர் பிளாஸ்டிக் ரீடு வாங்கினோம். விலை அதிகம், ஆனால் ஒன்றே சீசன் முழுக்க ஓடியது.

வாடகைக்கு வாத்தியம் எடுப்பதாக இருந்தால் காகிதத்தை வரி விடாமல் படியுங்கள். நாங்கள் ஒரு கடையில் மாதத் தவணையில் எடுத்தோம், மூன்று வருடம் கழித்துக் கூட்டிப் பார்த்தால் புதிது ஒன்றரை வாங்கியிருக்கலாம். கையெழுத்துப் போட்டது நான்தான், யாரைச் சொல்ல.

பல்லில் கம்பி கட்டியிருக்கிறாளா? அப்படியானால் மெழுகு கூடவே இருக்கட்டும். கட்டைவிரலையும் பாருங்கள். கிளாரினெட் முக்கால் கிலோவுக்கு மேல் இருக்கும், அத்தனையும் வலது கட்டைவிரல் ஒன்றின் மேல்தான். உட்கார்ந்து வாசிக்கும்போது முழங்காலில் முட்டுக் கொடுக்கலாம், மார்ச்சிங்கில் அது இல்லை, மேலும் அவர்கள் சொல்கிற கோணத்திலேயே உயர்த்திப் பிடிக்க வேண்டும். ரப்பர் மெத்தை ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள், மூன்று டாலர்.

பெரியவள் கடைசி வருடம் நவம்பரில் இண்டியானாபோலிஸ் போனார்கள், லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் பேண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா கிராண்ட் நேஷனல்ஸ், தேசிய அளவிலான பேண்ட் போட்டி. இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. நான் துணைக்குப் போன அம்மாக்களில் ஒருத்தி. விடியற்காலை நான்கு மணிக்கு ஹோட்டல் தாழ்வாரத்தில் முப்பது பெண்களுக்குத் தலை பின்னிவிட்டேன், எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பின்னி தொப்பிக்குள் மடித்துச் சொருக வேண்டும். எண்ணெய் வைக்காமல் எப்படிப் பின்னுவது என்று ஒரு ஓஹையோ அம்மாவிடம் கற்றுக்கொண்டேன்.


ரெண்டாவது_வரிசை:

வணக்கம் அங்கிள். நான் 11ஆம் வகுப்பு, அட்லாண்டா பக்கம், கிளாரினெட். அம்மா இந்த இழையைக் காட்டினார்கள், நானே எழுதுகிறேன், தமிழ்ப் பள்ளியில் படித்தது, பிழை இருந்தால் மன்னிக்கவும்.

கேட்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள், கொஞ்சம் கோபம் வருகிறது 🙂 எங்கள் ஷோவில் நடுவில் மெதுவான பாட்டு ஒன்று உண்டு. அதில் பித்தளை எல்லாம் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கும். அப்போது கிளாரினெட்டின் கீழ் சுரங்கள், ஷாலுமோ என்று சொல்வார்கள், அது மட்டும் வரும். 16 காலடி நேரம்தான். அந்த 16க்காக நாங்கள் ஆகஸ்ட் முழுக்க மூச்சு எங்கே எடுப்பது என்று பிரித்து வைத்தோம், பக்கத்து ஆள் மூச்சு எடுக்கும் இடத்தில் நான் எடுக்கக் கூடாது.

கஷ்டம் எது என்றால் "ப்ரேக்". நடு ஏ சுரத்துக்கு ஒரு விரல் போதும், அடுத்த பிக்கு ஏறக்குறைய எல்லா விரலும் ஒரே நேரத்தில் மூட வேண்டும், ஒன்று லேசாகத் தூக்கியிருந்தாலும் கீச். உட்கார்ந்தால் எனக்கு எப்போதும் வரும். பின்னால் நடந்துகொண்டே, வேர்வையில் விரல் வழுக்கும்போது வராது. போன வருடம் ஒரே செட்டில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து கீச்சினோம், அது மட்டும் மேல் படிக்கட்டு வரை நன்றாகக் கேட்டதாம்.


மன்னார்குடிப்_பேண்டு:

பாப்பா, தமிழில் பிழையே இல்லை.

நீ சொன்ன ப்ரேக்குக்குக் காரணம் தெரியுமா? நாதஸ்வரம் மேலே குறுகி கீழே விரியும், அதனால் ஊதும் பலத்தைக் கூட்டினால் ஸட்ஜம் மேல் ஸ்தாயி ஸட்ஜத்துக்குப் போகும். கிளாரினெட் பெரும்பாலும் ஒரே சுற்றளவுக் குழாய், ஒரு முனை ரீடால் அடைத்தது. பின்னால் இருக்கும் கட்டைவிரல் சாவியை அழுத்தினால் ஸட்ஜம் மேல் ஸ்தாயி பஞ்சமத்துக்குத் தாவிவிடும். நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்பத்தான் அத்தனை சாவி, அந்தப் பாலத்தைக் கடக்கிற இடம்தான் உன்னுடைய கீச். அப்பாவுக்கும் வரும். வந்தால் உடனே தலையை ஆட்டி அதை ஒரு சங்கதி மாதிரி ஆக்கிவிடுவார்.


கணக்கு_டீச்சர்:

அந்த 0.14 வினாடியை வகுப்பில் கணக்காகக் கொடுத்துவிட்டேன். பேண்ட் பிள்ளைகள் நான்கு பேர் கையைத் தூக்கினார்கள், ஃபுட்பால்காரர்கள் அவர்களைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள். ரீடுகடித்தவருக்கு நன்றி.

ஆனால் அடிப்படையில் என் கருத்து மாறவில்லை. கிளாரினெட்டைத் தீவிரமாக எடுத்துக்கொள்கிற பிள்ளை ஆல் ஸ்டேட் (மாநில அளவிலான மாணவர் இசைக்குழு) தேர்வுக்கும் அதே செப்டம்பர் அக்டோபரில்தான் எட்யூட் (பயிற்சி இசைத் துண்டு) பழக வேண்டும். மைதானத்தில் மூன்று மணி நேரம் உரக்க ஊதிவிட்டு வந்து வீட்டில் மெல்லிய வாசிப்புக்கு உதடு எங்கே மிச்சம் இருக்கும்?


ரீடு_கடித்தவன்:

இதில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு. மைதானத்தில் எல்லோரும் செய்கிற தப்பு, கேட்கவில்லை என்று இன்னும் பலமாக ஊதுவது. அதனால் கேட்காது, டோன் மட்டும் பிளந்து தகர டப்பா மாதிரி ஆகும், சுரமும் விலகும். வெயிலில் ஏற்கெனவே சுருதி மேலே ஏறியிருக்கும், காற்று சூடானால் கிளாரினெட்டும் பித்தளையும் சேர்ந்து ஏறும், முன்னால் இருக்கிற பிட்டில் (நடக்காமல் ஓரிடத்தில் நின்று வாசிக்கும் குழு) மரிம்பாவும் சிந்தசைசரும் ஏறாது. அதனால் பேரலை (மௌத்பீஸுக்குக் கீழே இருக்கும் குட்டித் துண்டு) கொஞ்சம் வெளியே இழுத்து வைக்க வேண்டும். நவம்பரில் நேர்மாறு, உள்ளே தள்ள வேண்டும்.

மகளுக்கு நான் சொல்லக்கூடியது, ராத்திரி வந்ததும் மர கிளாரினெட்டை எடுத்துப் பத்தே நிமிடம் நீண்ட சுரம், மெதுவாக. எட்யூட் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை. நான் அப்படிச் செய்யாமல் ஒரு வருடம் டோனைக் கெடுத்துக்கொண்டு, அதைச் சரிபண்ண இரண்டு வருடம் ஆனது.


வடக்கு_டல்லாஸ்_அப்பா:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். பிளாஸ்டிக் கிளாரினெட் பழையது கிடைத்தது, கட்டைவிரல் மெத்தை போட்டாயிற்று, மாமி சொன்னபடி கையுறை ஓரம் தைத்தது நான்தான் (மனைவி தைக்க மறுத்துவிட்டாள், நடைக்குப் பணம் கட்டியவர்தானே என்றாள்).

வெள்ளிக்கிழமை முதல் ஆட்டம். உயரமான வரிசையில் உட்கார்ந்தோம். மகள் தன் டாட் நோட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள், அதை ஃபோனில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு செட்டாக அவளைத் தேடினேன். எல்லோரும் ஒரே உடை, ஒரே தொப்பி, மேலிருந்து எல்லாம் எறும்பு. முதல் பாட்டு முழுக்க வேறு யாரோ பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது. கிளாரினெட் கேட்டதா? இல்லை. மெதுவான பாட்டில் ஏதோ வந்தது, கிளாரினெட்டா ஃப்ளூட்டா சத்தியமாகத் தெரியாது.

ஆனால் ஒன்று பார்த்தேன். இரண்டாவது பாட்டில் கிளாரினெட் எல்லாம் ஒரே வளைவாக, பிறை மாதிரி, மைதானத்தின் குறுக்கே சுற்றி வந்தார்கள். நல்ல வேகம். அந்தப் பிறையில் கடைசியிலிருந்து ஐந்தாறு பேர் தள்ளி ஓர் இடைவெளி. பல் விழுந்த வாய் மாதிரி. அந்த இடைவெளியும் வளைவோடு சேர்ந்து சரியான அடியில் நடந்து போகிறது, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அதை மூடாமல், இல்லாத ஆளுக்கு அளந்து இடம் விட்டு நடக்கிறார்கள். என் பின்னால் ஒருவர், "யாரோ வரவில்லை" என்றார். அவர் பேண்ட் பார்க்க வந்தவர் இல்லை, நாச்சோஸ் தின்றுகொண்டிருந்தார்.

காரில் வரும்போது கேட்டேன். 10ஆம் வகுப்புப் பையனாம், சைக்கிளில் விழுந்து மணிக்கட்டில் கட்டாம். அவனும் சீருடை இல்லாமல் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தானாம். அவன் பக்கத்து டாட் என் மகளுடையது. "அந்தப் பக்கம் யாருமில்லாம கோட்டை எதை வெச்சுப் பாக்கறதுன்னு தெரியலப்பா" என்றாள். அதைச் சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள், ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

டீச்சர், குடி முழுகவில்லை. ஆனால் மேலிருந்து பார்த்தால் தெரிகிறது.


கணக்கு_டீச்சர்:

படித்தேன். அந்தப் பையன் என்னிடம் படித்தால் திங்கட்கிழமைப் பரீட்சையை வேறு நாளைக்கு மாற்றிக்கொடுக்கிறேன், கட்டுப் போட்ட கையால் எழுத முடியாது. காய்ச்சலுக்குத் திட்டுவதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.


நியூஜெர்சி_மாமி:

கையுறைத் தையல் பிரியவில்லையே?


வடக்கு_டல்லாஸ்_அப்பா:

இடது ஆள்காட்டி விரலில் பிரிந்துவிட்டது மாமி. நூல் இரட்டையாகப் போடவில்லை. அதோடு தண்ணீர் ஜக்கும் தொலைந்தது, ஒரு கேலன் ஜக், எல்லோருடையதும் ஒரே நீலமாம்.


பித்தளைக்_கட்சி:

பேரை ஜக்கில் எழுதாதீர்கள் சார், மூடியில் எழுதுங்கள். வரிசையாகத் தரையில் வைத்திருக்கும்போது மேலிருந்துதான் பார்ப்பார்கள். தமிழில் எழுதினால் இன்னும் நல்லது, என் "ழ" போட்ட ஜக்கை நான்கு வருடமும் யாரும் எடுத்ததில்லை.